ஈக்கு ஒரு பல்லக்கு

1930களில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டால் என்ற வேதியியலாளர் மாட்டு அட்ரினல் சுரப்பிகளை மூட்டை மூட்டையாக வாங்கி அரைத்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து பிரிந்து வந்த சரக்குகளுக்குப் பெயர் யோசிக்கப் பொறுமையில்லாமல் ஏ, பி என்று எழுத்துகளை ஒட்டினார். ஒன்றுக்கு வாய்த்தது ‘காம்பவுண்ட் ஈ’. ஆங்கிலத்தில் அது வெறும் எழுத்து. அதன் முழு ஜாதகமும் தமிழில்தான் தெரிகிறது: ஈயைக் கூப்பிடுவது சுலபம், எங்கே உட்காரும் என்று யார் சொல்வது?

இரண்டாம் உலகப் போரில் ஒரு வதந்தி. ஜெர்மன் விமானிகள் இந்தச் சுரப்பிச் சாற்றைப் போட்டுக்கொண்டு 40,000 அடி உயரத்தில் அலட்சியமாகப் பறக்கிறார்களாம். சுத்தப் பொய். ஆனால் பயந்த அமெரிக்க அரசாங்கம் ஆராய்ச்சிக்கு வேகம் கொடுத்தது. மெர்க் நிறுவனம் மாட்டுப் பித்தத்திலிருந்து தொடங்கி, 30-க்கும் மேற்பட்ட படிகள் ஏறி, ஒருவழியாகக் கொஞ்சம் ஈ பிடித்துக் கொடுத்தது.

1948 செப்டம்பரில் அதே மேயோவில் பிலிப் ஹென்ச் அதை முடக்குவாதப் பெண் ஒருவருக்கு ஊசியில் ஏற்றினார். படுக்கையில் புரளவே சிரமப்பட்டவர், சில நாட்களில் எழுந்து கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டார். கார்டிசோன் என்று ஈக்கு நாமகரணம் ஆயிற்று. 1950இல் நோபல் பரிசும் வந்துவிட்டது. நோபல் குழு அவ்வளவு அவசரப்படுவது அபூர்வம்.

அதற்குள் நோயாளிகளின் முகம் உப்ப ஆரம்பித்திருந்தது. நம் புலவர்கள் ஈராயிரம் வருஷமாக ‘மதிமுகம்’ என்று உருகியதை மருத்துவர்கள் பக்கவிளைவுப் பட்டியலில் எழுதினார்கள். எலும்பு கரைந்தது, சர்க்கரை ஏறியது. காரணம் எளிது. ஸ்டீராய்டு சின்ன மூலக்கூறு, கொழுப்பில் கரைவது, செல் சவ்வைக் கதவு தட்டாமலே கடந்துவிடும். அதை வரவேற்கும் ஏற்பிகளும் உடம்பில் அநேகமாக எல்லாச் செல்லிலும் உண்டு. பத்திரிகை வைத்தது முழங்காலுக்கு; சாப்பிட்டது தெரு முழுக்க. முழங்காலுக்குள்ளேயே ஊசி போட்டுப் பார்த்தார்கள். கரைந்த மருந்து பக்கத்து இரத்தக்குழாயில் ஏறி மறுபடி ஊர்சுற்றக் கிளம்பியது.

இதற்கிடையே இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாமில், அலெக் பாங்கம் என்ற இரத்த ஆய்வாளர் லெசித்தினைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டிருந்தார். முட்டை மஞ்சள்கருவில் நிறைய இருக்கும் அதே கொழுப்பு. வேறொருவர் என்றால் ஆம்லெட் போட்டிருப்பார். இவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தார். தெரிந்தது வெங்காயம். திட்டவில்லை, நிஜமாகவே வெங்காயம்: தோல்மேல் தோலாகக் கொழுப்பு, நடுநடுவே தண்ணீர். 1964இல் ஹார்ன் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து படத்தை வெளியிட்டார். பெயர்? ‘மல்டிலாமெல்லர் ஸ்மெக்டிக் மீசோஃபேஸ்’. நல்லவேளை, ஜெரால்டு வைஸ்மன் 1968இல் ‘லிப்போசோம்’ என்று சுருக்கினார்.

உள்ளே இடம் இருந்தால் ஆள் ஏற்றத் தோன்றும்தானே? 1971இல் லண்டனில் கிரெகோரியாடிஸும் பிரெண்டா ரைமனும் இந்தப் பல்லக்கில் ஒரு நொதியை ஏற்றி எலிக்குள் அனுப்பினார்கள். பல்லக்கு நேராகக் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய் இறங்கியது. அங்கே சுங்கச்சாவடி போட்டிருக்கும் மேக்ரோஃபேஜ்கள், அந்நியத் துகள் எது வந்தாலும் விழுங்கிவிட்டுத்தான் விசாரிக்கும். ஆய்வாளர்கள் குணப்படுத்த நினைத்திருந்த வியாதிகள் தாக்கும் இடங்களில் கல்லீரலும் உண்டு, ஆகவே சந்தோஷப்பட்டார்கள். முழங்கால்காரர்கள் தலையில் கை வைத்தார்கள்.

கேம்பிரிட்ஜ் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆய்வகத்தில் ஜான் டிங்கிள் குழு 1976 வாக்கில் கார்டிசாலை ஏற்றியது. (இது காம்பவுண்ட் எஃப். ஈ கல்லீரலில் வேஷம் மாற்றி எஃப் ஆனபிறகுதான் வேலையே செய்யும். சொந்தக்காரர்தான்.) எஃப் பல்லக்கில் உட்காரவில்லை, சவ்வு வழியே நழுவி இறங்கிவிட்டார். அதனால் அவருக்கு ஒரு நீண்ட வாலை ஒட்டினார்கள்: பால்மிட்டிக் அமிலம். நம் ரேஷன் கடை பாமாயிலில் இருப்பதுதான். வால் கொழுப்புத் தோலில் சிக்கிக்கொள்ள, ஆள் அசையவில்லை. முயல் மூட்டில் ஏற்றியபோது சூடும் வீக்கமும் குறைந்தன; 1978இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள்.

ஆனால் ஒவ்வொரு மூட்டாக ஊசி குத்துவது யாருக்கும் விருப்பமான பொழுதுபோக்கு அல்ல. இரத்தக்குழாயில் போட்டே அனுப்ப வேண்டும், சுங்கமும் கட்டக் கூடாது. அதற்குப் பல்லக்கின்மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளைப் போர்த்தினார்கள். அவை தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ள, மேக்ரோஃபேஜ் கைக்கு வழுக்கும். கடைசியில் பெரும்பங்கு கல்லீரலுக்குத்தான், ஆனால் தாமதமாக. சுமார் 100 நானோமீட்டர் உருண்டை, நல்ல இரத்தக்குழாயில் இடுக்கு கிடைக்காமல் சுற்றிச்சுற்றி வரும். அழற்சி வந்த இடத்தில் குழாய்ச் சுவர் ஓட்டை விழுந்திருக்கும், அங்கே இறங்கிக்கொள்ளும்.

2003இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் பிரெட்னிசோலோன் பாஸ்பேட்டை இப்படி ஏற்றி, மூட்டு வீங்கிய எலிகளுக்கு ஒரே ஒரு ஊசி போட்டார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் வீக்கம் இல்லை. அதே அளவைப் பல்லக்கில்லாமல் அனுப்பியபோது ஒன்றும் நடக்கவில்லை.

மூட்டில் வந்திறங்கிய பல்லக்கை விழுங்கியது யார் என்கிறீர்கள்? கல்லீரல் சுங்கச்சாவடியின் பங்காளிகளேதான். மூட்டில் வீக்கத்தைக் கிளப்பிவிடும் கலகக்காரர்களில் அவர்களும் உண்டு. வழக்கம்போல விசாரிக்காமல் விழுங்கினார்கள். இந்த முறை உள்ளே மருந்து இருந்தது.