லைற் எரியுது தம்பி

ஸ்காபரோ,
10.06.2012

அன்பின் அண்ணைக்கு,

மகன் பேஸ்புக்கில் போட்ட என் காரின் படத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் முதலில் பதில் எழுதிவிடுகிறேன். ஒன்று, விபத்து எதுவும் நடக்கவில்லை. கூரை இல்லாமல்தான் அந்தக் காரைச் செய்கிறார்கள், மழைக்கு இழுத்துப் போர்க்க ஒரு சீலைத் துணி பின்னால் மடிந்து கிடக்கிறது. இரண்டு, அதில் இரண்டு பேர்தான் ஏறலாம்.

இதை வாசித்துவிட்டு அண்ணியைக் கூப்பிட்டுச் சிரித்திருப்பீர்கள் என்று தெரியும். வல்லிபுரக் கோயிலுக்குப் பொங்கப் போன நாளில் அப்பாவின் ஏ-போர்ட்டிக் காரில் பதினொரு பேர். மாமியின் மடியில் நான், என் மடியில் புக்கைப் பானை. அந்த வீட்டில் பிறந்தவன் மனிசி, இரண்டு பிள்ளைகள், அம்மா என்று வைத்துக்கொண்டு இரண்டு இருக்கைக் கார் வாங்கினால் ஊர் என்ன சொல்லும்? இங்கே வீட்டிலேயே சொல்லிவிட்டார்கள். விசர் என்றார்கள்.

காரின் பெயர் மாஸ்டா எம்எக்ஸ்-5. இந்தப் பக்கத்தில் மியாற்றா என்பார்கள். 1989இல் வந்தது. பழைய இங்கிலீஷ்காரனின் திறந்த கார்களைப் பார்த்து ஆசைப்பட்டு, ஆனால் எண்ணெய் ஒழுகாமல், ஜப்பான்காரன் செய்தது. போன வருடம் ஒன்பது லட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்ததாம். ஒன்பது லட்சம் விசரர்கள் இருக்கிற உலகத்தில் நான் ஒருவன் கூடினால் என்ன?

சரி, ஏன் அமெரிக்காவில் போய் வாங்கவேண்டும் என்று கேட்பீர்கள். 2002இல் நான் வந்திறங்கியபோது கனடா டொலர் ஒன்றுக்கு அமெரிக்கக் காசு அறுபத்திரண்டு சதம்தான் கிடைக்கும். இப்போது ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. எல்லைக்கு அந்தப் பக்கம் கார் விலை குறைவு. தமிழனுக்கு வேறு என்ன வேண்டும்? அடுத்த காரணம் உப்பு. இங்கே மாரியில் பனி உருக றோட்டுக்கு உப்புக் கொட்டுவார்கள். ஆனையிறவில் ஒரு போகம் விளைவதை இவர்கள் ஒரு கிழமையில் கொட்டி முடிப்பார்களோ என்று தோன்றும். அது காரின் அடித்தகட்டைத் தின்றுவிடும். மேலே பார்த்தால் மாப்பிள்ளைக் கோலம், கீழே குனிந்து பார்த்தால் இடியப்பத் தட்டு. அதனால் பனி குறைந்த தெற்கே தேடினேன். நோர்த் கரோலைனாவில், ஷார்லட் நகரத்துக்குப் பக்கத்தில், 2006ஆம் ஆண்டுக் கார் ஒன்று அகப்பட்டது. 9,500 டொலர்.

வித்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். "ஏறுறது சுகம், இறங்கத்தான் முழங்கால் விடுதில்லை" என்கிற கருத்தில் ஏதோ சொன்னார். என் முழங்காலும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றது. நான் கவனிக்கவில்லை. பொனற்றைத் திறந்தால் நம்முடைய குசினியைவிடத் துப்புரவு. அந்த மாநிலத்தில் காரின் உரிமைப் பத்திரத்தில் வித்தவர் சும்மா கையெழுத்து வைத்தால் செல்லாது. நொத்தாரிசு முன்னால் வைக்கவேண்டும். காணி எழுதுகிற மாதிரி. வாத்தியார் கையெழுத்து வைத்துவிட்டு, சாவியைத் தரமுதல் காரை ஒருமுறை சுற்றிவந்து, கண்ணாடியில் இருந்த ஒரு புள்ளியைத் தன் சட்டைக் கையால் துடைத்தார். பெட்டைக்குத் தாலி கட்டிக் கூட்டிப்போகிறவன் மாதிரி நான் பேசாமல் நின்றேன்.

இனித்தான் கதை. அமெரிக்காவிலிருந்து பழைய காரை றோட்டு வழியாக வெளியே கொண்டுபோவதென்றால், உரிமைப் பத்திரத்தை 72 மணித்தியாலத்துக்கு முன்பே எல்லையில் இருக்கிற அமெரிக்கச் சுங்கத்துக்குக் காட்டிப் பதியவேண்டும். களவு காரோ என்று அவர்கள் பார்க்க அவ்வளவு நேரம். இதை நான் வாசித்தேன். வாசித்தும் என்ன, வியாழன் பின்னேரம் பத்திரத்தை ஃபாக்ஸில் அனுப்பிவிட்டு, கூரையை இறக்கிவிட்டு, மேற்கு வேர்ஜீனியா மலையெல்லாம் வளைந்து வளைந்து, பாட்டுப் போட்டுக்கொண்டு, சனி மத்தியானம் பஃபலோவில் வந்து நின்றேன். கணக்குப் பார்த்தால் 72 மணி முடிவது ஞாயிறு பின்னேரம். அலுவல் நடப்பது திங்கள் காலை. மனிசிக்கு ரெலிபோனில் சொன்னேன். "மூண்டு நாளைக் கூட்டத் தெரியாமலோ நீங்கள் கணக்கு வேலை பாக்கிறியள்?" என்றாள். பதில் இல்லை.

பஃபலோவில் நயாகரா ஆற்றங்கரையில் நின்றால் எதிர்க்கரை கனடா. கூப்பிடு தூரம். இரண்டு நாளாக என் நாட்டைப் பார்த்துக்கொண்டு பிறநாட்டில் கிடந்தேன். ஞாயிறு மத்தியானம் மனிசி பிள்ளைகளையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு ஃபோர்ட் ஈரிக்கு வந்தாள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். அவளுடைய பாஸ்போர்ட் காலாவதியாகி மூன்று மாதம், பாலம் தாண்டமுடியாது. ஆகவே குழல் புட்டும் மீன் குழம்பும் எதிர்க்கரையில் திறக்கப்பட்டு, எதிர்க்கரையிலேயே சாப்பிட்டு முடிக்கப்பட்டன. மகள் ரெலிபோனில் ஒவ்வொரு வாயாக விபரம் சொன்னாள். "அப்பா, நீங்கள் எங்க நிக்கிறியள் எண்டு தெரியேல்லை, லைற் போடுங்கோ" என்றாள். காரைக் கரைக்குத் திருப்பி லைற்றைப் போட்டுப் போட்டு நூர்த்தேன். "தெரியுது, தெரியுது!" என்று கத்தினாள். பின்னால் அம்மாவின் குரல்: "அவனைப் பற்றரியை முடிக்கவேண்டாம் எண்டு சொல்லு பிள்ளை."

அண்ணை, எனக்குக் கிளாலிக் கடல் ஞாபகம் வந்தது. சண்டைக் காலத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் காட்டாமல் வள்ளத்தில் இருட்டுக்குள் போனோமே. இங்கே கரையில் நின்று பகலில் லைற் அடித்து விளையாடுகிறேன். அதைவிட எழுத விருப்பமில்லை.

திங்கள் காலை அமெரிக்கப் பக்கத்தில் பத்திரத்தில் முத்திரை குத்தினார்கள். பாலத்துக்குப் பெயர் சமாதானப் பாலம், 1927இல் திறந்தது. இரண்டு நாடும் நூறு வருடமாகச் சண்டை பிடிக்காததற்கு நினைவாகக் கட்டினார்களாம். சண்டை பிடிக்காததற்கு ஒரு பாலம்! கனடாப் பக்கத்துக் கூட்டில் இருந்த பெட்டை, "என்ன சாமான் கொண்டு வாறீர்?" என்றாள். "இந்தக் காரை" என்றேன். "காருக்குள்ள?" "என்னை."

உள்ளே போனால் அடுத்த கேள்வி, இது எங்கே செய்த கார்? நோர்த் கரோலைனாவில் வாங்கினேன் என்று கொஞ்சம் கெட்டித்தனமாகச் சொன்னேன். வட அமெரிக்காவில் செய்த காரென்றால் தீர்வை இல்லை, அதுதான். அந்த மனிசன் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து, முன்கண்ணாடிக்குக் கீழே தகட்டில் இருக்கிற பதினேழு எழுத்தில் முதல் எழுத்தைப் பேனையால் தொட்டுக் காட்டினார். ஜே. ஜப்பானுக்கு ஜே. ஹிரோஷிமாவில் பிறந்தது. அமெரிக்கக் கார் என்றால் ஒன்று, நாலு, ஐந்து என்று இலக்கத்தில் தொடங்குமாம். பிறந்த இடம் தலையெழுத்திலேயே இருக்கிற சாதி, நம்மைப் போல. தீர்வை 6.1 வீதம், 579 டொலர் ஐம்பது சதம்.

பேந்து குளிரூட்டி வரி. சிரிக்கவேண்டாம். கனடாவில் காரில் ஏசி இருந்தால் நூறு டொலர் வரி. ஆறு மாதம் பனிக்குள் கிடக்கிற நாடு! கூரையே இல்லாத காருக்கு ஏசி எதற்கு, அது வேலையும் செய்யவில்லை என்றேன். "பூட்டியிருக்குதானே" என்றார். பூட்டித்தான் இருக்கிறது. பிறகு எல்லாவற்றையும் கூட்டி, வரிக்கும் சேர்த்து 5 வீதம் வரி. ஆயிரத்து நூற்று எண்பத்தெட்டுச் சொச்சம் கட்டி வெளியே வந்தேன். மிச்ச 8 வீதம் மாகாணத்துக்கு, நம்பர் எடுக்கும்போது.

வெளியே வந்த சந்தோஷத்தில் அடுத்த ஆபத்து. பெருந்தெருவில் பலகை 100 என்கிறது. என் முள்ளு 60இல் நிற்கிறது. எல்லோரும் போகிற வேகத்தில்தான் நானும் போகிறேன், ஆனாலும் சட்டம் 100 தருகிறதே என்று மிதித்தேன். 80 வர, பக்கத்துக் கார்களெல்லாம் பின்னால் போகின்றன. ஜப்பான்காரனின் எஞ்சின் என்றால் இதுதான் என்று நினைத்த நேரத்தில்தான் அறிவு வந்தது. பெரிய எழுத்தில் இருப்பது மைல். கிலோமீற்றர் உள்வட்டத்தில், மூக்குக்கண்ணாடி போட்டுத் தேடவேண்டிய அளவில். சொன்ன 100ஐ மைலில் பிடித்திருந்தால் 160. ஒன்ராறியோவில் ஐம்பது கூடினாலே காரை ஏழு நாள் பறித்துவைப்பார்கள். கனடாவில் கால் வைத்த காரை ஒரு மணித்தியாலத்துக்குள் மறியலுக்கு அனுப்பியிருப்பேன்.

எல்லை தாண்டினால் அலுவல் முடிந்தது என்று நினைக்கவேண்டாம். பதினைந்து வயதுக்குக் குறைந்த காரென்றால் 45 நாளுக்குள் கனடாச் சட்டத்துக்கு மாற்றிச் சோதனை காட்டவேண்டும். திருத்த வேலை எதுவும் பாக்கி இல்லை என்று கொம்பனியிடம் கடிதம் வாங்கவேண்டும். அதற்குப் பதிவுக்காசு 195, அதற்கும் வரி. பெரிய மாற்றம் ஒன்றுதான்: பகலில் தானாக லைற் எரியவேண்டும். இங்கே 1989 மார்கழியிலிருந்து செய்கிற கார் எல்லாவற்றுக்கும் அது சட்டம். அமெரிக்காவில் கட்டாயமில்லை.

கராஜில் ஒரு பொடியன் தீப்பெட்டி அளவு பெட்டியொன்றை வயருக்குள் செருகினான். அவ்வளவுதான் வேலை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தொண்ணூறுகள் ஞாபகம். பொருளாதாரத் தடையில் ஊருக்குள் ஒரு ரோர்ச் பற்றரி வராது. பெற்றோலைச் சின்னப் போத்தலில் மருந்து மாதிரிக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஏ-போர்ட்டியை இழுத்துக்கொண்டு திரிந்தோம். அந்தப் புகை நாற்றத்தில் உங்கள் கலியாணத்துக்குப் பொம்பிளை மாப்பிள்ளை ஊர்வலம். இங்கே நடுப்பகலில் லைற் எரியாவிட்டால் நம்பர் தரமாட்டார்கள்.

மனிசி கணக்குக் கொப்பி எடுத்தாள். கார், தீர்வை, ஏசி, இரண்டு வரி, விமானம், பெற்றோல், மொட்டல், கராஜ். எல்லாம் கூட்டிப் பார்த்து, இங்கே வாங்கியிருந்தால் வரியோடு போயிருக்கும் காசிலிருந்து கழித்தால் மிச்சம் ஐந்நூறு டொலர். அதற்குள் என் மூன்று நாள் சம்பளத்தைக் கழித்தாள். கொப்பியை மூடிவிட்டாள், விடையைச் சொல்லவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் கோயிலுக்கு இரண்டு கார் போகிறது. மனிசி வானில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு முன்னால், நான் அர்ச்சனைத் தட்டோடு பின்னால். காரின் பின்பெட்டி 150 லீற்றர். ஒரு இருபது இறாத்தல் அரிசிப் பையும் நான்கு தேங்காயும் கொள்ளும், பிலாப்பழம் என்றால் அதற்குத்தான் பக்கத்து இருக்கை. பிள்ளைகள் முறை வைத்து ஏறுகிறார்கள். போன கிழமை அம்மாவின் முறை. ஏறும்போது பிரச்சினை இல்லை. வாத்தியார் சொன்னது சரி.

தலைப்பை இழுத்துக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இருந்தார். வீட்டு வாசலில் கராஜ் கதவைப் பார்த்துக்கொண்டுதான் கார் நிற்கும். சாவியைத் திருப்பியதும் வெள்ளைக் கதவில் இரண்டு வட்டமாக வெளிச்சம் விழுந்தது. அம்மா என் கையைத் தட்டினார்.

"தம்பி, லைற் எரியுது. நூத்துவிடு. பற்றரி இறங்கப்போகுது."

சட்டம் அப்படி அம்மா, நூர்க்க ஏலாது என்றேன். நம்பவில்லை. கோயில் வரைக்கும், எதிரே வந்த ஒவ்வொரு காரைப் பார்த்தும் அம்மா கையை உயர்த்தி விரல்களை மடக்கி மடக்கி விரித்துக் காட்டிக்கொண்டே வந்தார்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. ஏ-போர்ட்டிக்கு மழை படாமல் தறப்பாள் போட்டிருக்கிறீர்கள்தானே?

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி

பி.கு.: விலை எவ்வளவு என்று அண்ணிக்குச் சொல்லவேண்டாம். ரூபாயில் பெருக்கிப் பார்ப்பா.