புகைக்கு ஏது ரசீது?

கேள்வி: நாட்டின் பசுமை இல்ல வாயுவைக் கணக்கெடுக்க அரசு ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்களாமே! புகையை எப்படி எண்ணுவது?
– ஒரு வாசகர், பட்டர்வொர்த்

பதில்: புகையை யாரும் எண்ணுவதில்லை, எண்ணுவதெல்லாம் ரசீதைத்தான். எரித்த டீசல் எத்தனை, கொட்டிய குப்பை எத்தனை என்று பார்த்து, உமிழ்வுக் காரணியால், அதாவது ஓர் அலகுக்கு எவ்வளவு வாயு வரும் என்ற எண்ணால், பெருக்க வேண்டும். வாய்பாடு தெரிந்தவருக்குப் பயிற்சி எதற்கு? வில்லங்கம் பெருக்கலில் இல்லை. எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதில் இருக்கிறது.

பட்டர்வொர்த் ஃபெர்ரியையே எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ்டவுனுக்குப் போய்வர அது எரிக்கும் எண்ணெய் மலேசியாவின் கணக்கில் ஏறும். பக்கத்துத் துறைமுகத்திலிருந்து வெளிநாடு கிளம்பும் கொள்கலன் கப்பல் எரிப்பது அதைவிடப் பல மடங்கு. ஆனால் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டி நெறிகளின்படி அதைத் தனியாகக் குறிப்பார்கள். நாட்டின் மொத்தத்தில் சேர்க்கமாட்டார்கள். பெரிய கப்பலுக்கு எங்கேயும் தனி மரியாதைதான்!

நிபோங் திபால் பக்கம் உள்ள புலாவ் பூரோங் குப்பைமேடு இன்னும் தலைவலி. அங்கே விழும் மிச்சச் சோறு மறுநாளே மீத்தேனாகிவிடாது, ஆண்டுக்கணக்கில் கசியும். அதனால் 50 ஆண்டுக் குப்பை விவரம் வேண்டும் என்கிறது நெறி. எடைமேடையே இல்லாத காலத்துக் குப்பைக்கு யாரிடம் ரசீது இருக்கும்? மக்கள்தொகையை வைத்து நியாயமாக ஊகிக்கவும், ஊகித்த விதத்தை எழுதிவைக்கவும் கற்றுக்கொடுக்கிறார்கள். 2022 ஜனவரியில் அந்த மேடு தீப்பிடித்ததே, அந்தப் புகைக்கு வேறு கட்டம்.

பாரிஸ் காலநிலை ஒப்பந்தப்படி இந்தக் கணக்கையெல்லாம் சேர்த்து 2 ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும். முதல் தவணை 2024 டிசம்பரோடு முடிந்தது, அடுத்தது 2026. இடையில், பயிற்சி பெற்றவருக்கு இடமாற்ற உத்தரவு வந்தால் புதியவருக்கு மறுபடி ஃபெர்ரியிலிருந்து பாடம்.