நாட்டுமாட்டுக்காரர்

2017 ஜனவரிக்கு முன்னால் இவர் மாட்டைப் பற்றிப் பேசி யாரும் கேட்டதில்லை. ஆவின் நீலப் பாக்கெட்டின் மூலையைச் சிந்தாமல் வெட்டத் தெரியும், அவ்வளவுதான். மெரினாவிலும் கோவை வ.உ.சி. மைதானத்திலும் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் கூடிய வாரத்தில் ஞானம் பிறந்தது. குடும்ப வாட்ஸப் குழுவில் காலை வணக்கம் சொல்லிவந்த ரோஜாப்பூ போய், திமில் வந்தது. திமிலுக்குள் ஒரு நாடி இருக்கிறதாம். அது சூரியனை இழுத்துப் பாலில் பொன்னாக இறக்குகிறதாம். கல்யாணப் பந்தியில் பாயசம் ஊற்ற வருகிறவரை மறித்து, "ஏ1 பாலா, ஏ2 பாலா?" என்பார். வந்தவர் வாளியைப் பார்த்துவிட்டு, "சேமியாங்க" என்பார்.

ஊருக்கு நாலு பேர் இப்படி உண்டு. கணினியில் சம்பளம், பல்லடம் பக்கம் கொஞ்சம் பூமி, அதில் ஓலை வேய்ந்த கொட்டகை. கட்டுவதற்கு மாடு மட்டும்தான் பாக்கி. எனக்கு வாய்த்தவர் என் சகலை.

சித்திரையில் மாரியம்மன் தேரையொட்டிக் கண்ணபுரத்தில் மாட்டுச் சந்தை கூடும். காங்கேயம் மாடு வாங்க அதைவிடப் பேர்போன இடம் கிடையாது. கோவையிலிருந்து இரு குடும்பமும் ஒரே இன்னோவாவில் கிளம்பினோம். சன்ஸ்கிரீன், தொப்பி, மாட்டோடு எடுக்கப்போகும் படத்துக்கென்று இஸ்திரி போட்ட வேட்டி, மாட்டுக்குத் தோல் சீவிய ஆப்பிள் என்று எல்லாம் ஏறின. கடைசி சீட்டில் மஞ்சப்பையோடு எங்கள் மாமியார். தாராபுரத்துப் பட்டிக்காட்டில் மாடுகளோடு வளர்ந்தவர். அவரிடம் மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று சகலைக்குத் தோன்றவில்லை. அவர்தான் யூடியூப் முழுக்கப் பார்த்து முடித்தவராயிற்றே.

காங்கேயம் தாண்டியதும், "இடத்தால திரும்புங்க மாப்பள" என்றார் மாமியார். கைபேசி நேராகப் போகச் சொன்னது. மாப்பிள்ளைமார் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. கொஞ்ச நேரத்தில் வண்டி ஓர் இட்டேரிக்குள் நின்றது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி. அதற்கப்பால் கொழுக்கட்டைப் புல் காய்ந்த கொரங்காட்டு மேய்ச்சல் நிலம். வேலி முள் கண்ணாடியைக் கீறுகிற சத்தத்தில் சகலையின் முகம் மாதத் தவணையை நினைத்துச் சுருங்கியது. பின்னால் எடுக்கலாம் என்றால் பின்னால் ஒரு செம்மறிப் பட்டி. ஆடு மேய்த்த பெரியவர் சன்னலைத் தட்டி, "இது காட்டுக்குப் போற தடமுங்க. இதுல எதுக்கு காரைக் கொண்டாந்தீங்க?" என்றார். கைபேசி அப்போதும் நேராகத்தான் போகச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒருவழியாகப் போய்ச் சேர்ந்த சந்தையில் சகலையின் கல்வி முழுதாக வெளிப்பட்டது. ஒரு மயிலைப் பசு பிடித்துப்போயிற்று. காலடியில் கன்று. வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே டார்ச் அடித்தார். அடித்தவர் வெற்றியோடு எங்களைத் திரும்பிப் பார்த்து, "மேல்வரிசையில் முன்பல் ஒன்றுகூட இல்லை. கிழட்டு மாட்டைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள்" என்றார். மாமியார் மெதுவாக, "மாட்டுக்கு மேல முன்பல்லே கெடையாதுங்க மாப்பள. கீழ பாருங்க, ஆறு பல்லு" என்றார்.

அடுத்த சந்தேகம் கன்றின் மேல். தாய் மயிலை, கன்று செவலை. கலப்படம் என்றார் சகலை. மாட்டுக்காரர் கோபப்படவில்லை. "பொறக்கையில எல்லாம் செவலதானுங்க. ஆறு மாசத்துல வெளுத்துரும்" என்றார். "பத்து லிட்டர் கறக்குமா?" என்று கேட்டபோதுதான் அவருக்கே சிரிப்பு வந்தது. "அதுக்குச் சிந்து மாடு பாருங்க. இது ரெண்டு, மூணு லிட்டர் குடுக்கும். அதுவும் கன்னு ஊட்டுனாத்தான்." அந்தப் பொன்னில் கன்றுக்கும் பங்கு உண்டு என்பதை எந்தக் காணொளியும் சொல்லியிருக்கவில்லை போலும்.

பிறகு தரகர் வந்தார். தோளிலிருந்த துண்டைச் சகலையின் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்தார். சந்தையில் விலை வாயால் பேசப்படுவதில்லை. எத்தனை விரல் என்பதுதான் கணக்கு, பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக் கூடாது. சகலை இதை வரவேற்பு என்று எடுத்துக்கொண்டார். அன்பு மிகுந்து, தரகரின் கையை மொத்தமாகப் பற்றிக் குலுக்கினார். தரகர் ஒரு கணம் திகைத்தார். மாட்டுக்காரர் கேட்டதைவிட அதிகமாகத் தர ஒருவர் வந்திருக்கிறாரே! நல்லவேளை, மாமியார் நடுவில் புகுந்து, "தம்பி, அவரு பழக்கமில்லாதவரு, எங்கிட்டப் பேசு" என்று துண்டை எடுத்துவிட்டு வாயாலேயே பேரத்தை முடித்தார். மிச்சமான தொகையில் கன்றுக்கு ஒரு சலங்கை வாங்கினோம்.

பணம் கைமாறியதும் மாட்டுக்காரர் தன் கயிற்றை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டார். மாட்டைத்தான் விற்பார்கள், கயிற்றை விற்கமாட்டார்கள். பசு சுதந்திரமாக நின்று எங்களைப் பார்த்தது. சகலை பெல்ட்டை அவிழ்க்கப் போனார். வேட்டிக்கு இருந்த பிடிமானமும் அது ஒன்றுதான். அவர் டார்ச் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் திருவிழாக் கடையில் வாங்கி வைத்திருந்த புதுக் கயிற்றை மாமியார் மஞ்சப்பையிலிருந்து எடுத்தார். ஆப்பிளைப் பசு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆடு மேய்த்த பெரியவருடையதோ யாருடையதோ, ஒரு செம்மறி வந்து தின்றுவிட்டுப் போயிற்று.

பசுவையும் கன்றையும் குட்டியானையில் ஏற்றிப் பல்லடத்துக்கு அனுப்பினோம். முதல் வாரமே கறக்கப் போன சகலை தொடையில் உதை வாங்கினார். இப்போது இரண்டும் தாராபுரத்தில், மாமியார் வீட்டுக் கட்டுத்தறியில். ஞாயிறுதோறும் இவர் போய்த் திமிலருகே நின்று படம் எடுத்து அனுப்புகிறார். கன்று சரியாக ஆறாம் மாதம் வெளுத்ததைத் தன் வளர்ப்பு என்று எழுதுகிறார். பல்லடத்துக் கொட்டகை காலியாக இருக்கிறது. அடுத்து கடக்நாத் கோழி வளர்ப்பதைப் பற்றிக் காணொளி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் தடுத்துப் பயனில்லை, போகட்டும். கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு, மாமியாரை முன்சீட்டில் உட்கார வையுங்கள்.