இடித்தவரும் பதில் சொல்லட்டும்!

இந்த வாரம் கடிதப் பையைக் கவிழ்த்தால் விழுந்ததெல்லாம் அலோய் வீலும் உடைந்த பஃபரும்தான். சப்ரகமுவப் பாதைகளின் வளைவு அப்படி. ஆகவே காதல், அரசியல், சினிமா மூன்றுக்கும் ஒரு வாரம் லீவு.

பலாங்கொடை டவுனில் ஓரமாக நிறுத்தியிருந்த என் ஓட்டோவில் ஒரு வேன் பின்னுக்கு வந்து மோதிவிட்டது. அலோய் வீல், சவுண்ட் செட், எல்.ஈ.டி. லைட் என்று நிறையச் செலவழித்திருந்தேன். வேன்காரரோ, "இதெல்லாம் கம்பனி போட்டுக் கொடுத்ததா? நீயாகப் போட்டதுக்கு நான் ஏன் கட்ட வேணும்?" என்கிறார்.
— ஓர் ஓட்டோ தம்பி, பலாங்கொடை

நீங்களாகப் பதித்த டைல்ஸை ஒருவர் உடைத்துவிட்டு, "வீடு கட்டும்போது வெறும் சீமெந்துத் தரைதானே இருந்தது" என்று நழுவ முடியுமா? உடைத்தது எதுவோ, கணக்கு அதற்குத்தான்.

இந்த விஷயத்தில் நம் நாட்டில் நடப்பது ரோமன்-டச்சுச் சட்டம். அதன் வேர் கி.மு. 3ஆம் நூற்றாண்டு ரோமாபுரியின் 'லெக்ஸ் அக்குவிலியா'. அடுத்தவன் மாட்டை அநியாயமாகக் கொன்றால், கடந்த ஒரு வருடத்தில் அந்த மாடு என்றைக்கு அதிக விலை பெற்றிருக்குமோ அந்த விலையைக் கொடு என்றது அது. இன்றைய நீதிமன்றம் அவ்வளவு தாராளமில்லை. மோதலுக்கு முன் நீங்கள் இருந்த நிலைக்கு, காசால் முடிந்த அளவு உங்களைத் திருப்பி நிறுத்தும், அவ்வளவுதான். அதற்கு நீங்கள் காட்ட வேண்டியவை இரண்டு: ஒன்று, தவறு வேன்காரருடையது என்பது; மற்றது, உடைந்த சாமான் உண்மையிலேயே வண்டியில் இருந்தது, அதற்கு இன்ன விலை என்பது. நின்றுகொண்டிருந்த ஓட்டோ பாய்ந்து போய் வேனை முட்டியது என்று யாரும் சொல்லப் போவதில்லை. முதலாவது பாதி முடிந்தது. இரண்டாவதில்தான் நம்மாட்கள் கோட்டை விடுகிறார்கள்.

எப்படிக் காட்டுவது? பஞ்சிகாவத்தைச் சாமான் கடையொன்றில் வாங்கினேன். பில் கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தார்.
— ஒரு கார்ப் பிரியர், பெல்மதுளை

அவர் சிரித்தபோதே போனில் ஒரு படம் எடுத்திருக்கலாம். போகட்டும். துண்டுச் சீட்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால் வங்கியில் காசு மாற்றிய பதிவு, கடைக்காரருடன் விலை பேசிய வட்ஸ்அப் செய்தி, பொருத்திய கராஜ் பாஸின் கையெழுத்துக் கடிதம், தீபாவளிக்கு மாலை போட்டு வண்டியோடு எடுத்த படம் எல்லாமே சாட்சிதான். உடைந்த சாமானை இரும்புக்காரரிடம் நிறுத்துப் போட்டுவிடாதீர்கள். அலோய் ரிம்மைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கத்தில் அளவும், பெரும்பாலும் செய்தவர் பெயரும் அச்சில் இருக்கும். வாயால் சொல்லும் விலையை மறுக்கலாம், வார்ப்பில் உள்ள எழுத்தை மறுக்க முடியாது.

இன்னொன்று: மதிப்பீட்டாளர் பார்க்குமுன் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்ற வேண்டாம். திருத்திப் பளபளக்க வைத்த வண்டியைக் காட்டி நட்டஈடு கேட்பது, சாப்பிட்டு முடித்த இலையைக் காட்டிச் சமையல் சரியில்லை என்பது போல.

என் ஓட்டோவுக்கு பஸ் ஹோர்ன் போட்டிருந்தேன். அதுவும் உடைந்துவிட்டது. அதற்கும் கேட்கலாமா?
— இறக்குவானை வாசகர்

கேட்கலாம். இறக்குவானை முழுக்கக் கேட்ட ஹோர்ன் ஆயிற்றே, நீதிபதிக்கும் கேட்கும். ஆனால் சட்டம் அனுமதிக்காத சாமானுக்கு விலை வாங்கித் தரச் சொல்லிச் சட்டத்திடமே போவதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

அப்படியென்றால் சட்டத்துக்கு மாறாக ஏதாவது பூட்டியிருந்தால் முழு நட்டஈடும் போய்விடுமா?
— கேகாலை மாணவர்

போகாது. ஹோர்ன் சட்டவிரோதம் என்பதற்காக உங்கள் கதவை யாரும் இடிக்கலாம் என்று ஆகிவிடாது. அந்தச் சாமானின் விலை கிடைப்பது கஷ்டம். கதவின் விலை கிடைக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு: நீங்கள் மாற்றியது விபத்துக்குக் காரணமாக இருந்ததா? பின் லைட்டுக்குக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி, இரவில், மழையில், குருவிட்டை வளைவில் பிரேக் போட்டீர்கள். பின்னால் வந்தவர் காணவில்லை. அப்போது பழியில் உங்களுக்கும் பங்கு உண்டு. 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இதற்கென்றே இருக்கிறது: இருவர் மீதும் தவறென்றால் நட்டஈட்டை அந்த அளவுக்குக் குறைக்கலாம். அதே கறுப்பு ஸ்டிக்கரோடு பகல் பன்னிரண்டு மணிக்கு ஓரமாக நிறுத்தியிருந்தீர்கள் என்றால், ஸ்டிக்கருக்கும் மோதலுக்கும் சம்பந்தமில்லை.

2025 ஜனவரியில் அரசின் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்ட நேரத்தில் பஸ், ஓட்டோக்களின் மேலதிகச் சோடனைகளைக் கழற்றச் சொல்லிப் பொலிஸார் இறங்கியதும், சங்கங்கள் கொதித்ததும் நினைவிருக்கும். இந்தியாவில் இன்னும் இறுக்கம். உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே கேரள வழக்கொன்றில் சொல்லிவிட்டது. நமக்கு, நிறமோ எஞ்சினோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்துவிடுவது புத்தி. புத்தகத்தில் நீலம், வீதியில் சிவப்பு என்றால், முதல் கேள்வி மோதலைப் பற்றி வராது.

அப்பா தோட்டத்தில் கிளாக்கராக இருந்தபோது வாங்கிய மொரிஸ் மைனர். எஞ்சின் மாற்றி, சீட் தைத்து, பிள்ளை மாதிரி வைத்திருந்தேன். ஒரு டிப்பர் உரசிவிட்டது. திருத்தும் செலவு காரின் விலையைவிட அதிகம், சந்தை விலைதான் தருவோம் என்கிறார்கள் டிப்பர் தரப்பினர்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், எட்டியாந்தோட்டை

ஐயா, உங்களுக்கு இங்கிலாந்தில் ஒரு கூட்டாளி இருந்தார். ஓ'க்ரேடி என்று பெயர். அவருடைய பழைய எம்.ஜி. காருக்கு 'ஹோர்ட்டென்சியா' என்று பெண் பெயரே சூட்டியிருந்தார். அது அடிபட்டபோது திருத்தச் செலவு சந்தை விலையைத் தாண்டியது. 1962இல் நீதிபதி முழுத் திருத்தச் செலவையும் கொடுக்கச் சொன்னார். அவ்வளவு பராமரிப்போடு இன்னொரு கார் சந்தையில் இல்லை, ஆகவே அதைத் திருத்தியது நியாயம் என்பது காரணம்.

குதிக்காதீர்கள், அடுத்த வருடமே இன்னொருவர் நீதிமன்றம் போனார். டார்பிஷயர் என்பவர். கார் லியா பிரான்சிஸ். திருத்த 192 பவுண், சந்தையில் 85 பவுண். மேன்முறையீட்டு நீதிமன்றம் கையை விரித்தது. அதே மாதிரி வண்டி வெளியில் கிடைக்கும்போது, இரண்டு மடங்குக்கு மேல் செலவழித்துத் திருத்தியது உன் விருப்பம், அடுத்தவன் தலையில் கட்டாதே என்றது.

இரண்டும் அந்நிய நாட்டுத் தீர்ப்பு. ஆனால் இவர்களில் நீங்கள் யார் என்ற கேள்விதான் இங்கும் எழும். 'என் கார் எனக்கு உயிர்' என்பதற்கு விலை கிடையாது. ரோமன்-டச்சு நட்டஈடு பொக்கெட்டில் விழுந்த ஓட்டைக்குத்தான், மனதில் விழுந்ததற்கு அல்ல. ஆகவே ஒரு மாதம் ஞாயிறு பத்திரிகை விளம்பரங்களை வெட்டி வையுங்கள். உங்கள் காரைப்போல எஞ்சின் மாற்றிச் சீராக உள்ள மொரிஸ் மைனர் என்ன விலை போகிறது? விற்பனைக்கே இல்லையா? இல்லை என்பதும் சாட்சிதான். பழைய மதிப்பீட்டைக் காட்டி மடக்க வந்தால் ஏமாறாதீர்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய வண்டிகளின் விலை எங்கே ஏறியது என்று ஊருக்கே தெரியும். மோதிய நாளின் விலைதான் விலை.

காருக்குப் பெயர் வைத்தால் நட்டஈடு கூடுமா?
— குறும்புக்காரர், தெரணியகலை

கூடாது. ஆனால் பெயர் வைக்கும் அளவுக்குப் பார்த்துக்கொண்டவர் வீட்டில் பில்லும் இருக்கும்.

"பொலிஸ், கோடு எதற்கு? இந்தா ஐயாயிரம்" என்று இடத்திலேயே நீட்டினால் வாங்கலாமா?
— ரூவன்வெல்ல வாசகி

ஐயாயிரத்தோடு ஒரு காகிதமும் நீட்டுவார், கவனித்தீர்களா? 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அதில் எழுதியிருக்கும். கண்ணுக்குத் தெரிந்தது பஃபர். உள்ளே அக்ஸில் வளைந்திருப்பது அடுத்த வாரம் டயர் ஒருபக்கமாகத் தேயும்போதுதான் தெரியும். கீறல் மட்டும் என்றால் சமாதானம் நல்லது. கூடப் பணம் போட்டுப் பூட்டிய வண்டி என்றால், கராஜ் பாஸ் தூக்கிப் பார்த்துச் சொல்லும்வரை கை நீட்டவும் வேண்டாம், கையெழுத்திடவும் வேண்டாம்.

மகன் பொலிஸில் கொடுத்த வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு பார்த்தால் 'பின்பக்கம் சிறு சேதம்' என்று மட்டும்தான் இருக்கிறதாம்.
— பால் வெட்டும் தாய், தெஹியோவிட்ட

அக்கா, மற்றக் கடிதங்களையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு முதலில் படித்தது உங்களுடையதைத்தான். ஏனென்றால் நம் தோட்டப்பக்கத்தில் நட்டஈடு தொலையும் இடம் பெரும்பாலும் பாதை வளைவல்ல, இந்தக் கையெழுத்துத்தான். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி ஆனது. வடக்கு, கிழக்குக்கு வெளியேயும் அரச அலுவலகத்தில் தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையை அரசியலமைப்பின் மொழி அத்தியாயம் தருகிறது. தமிழில் எழுதக் கேளுங்கள். தமிழ் தெரிந்தவர் அன்றைக்கு இல்லையென்றால், வாசித்து விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். அதன்பிறகுதான் பேனை.

எழுதும்போது 'சிறு சேதம்' என்று விடாதீர்கள். "இடது பின் அலோய் ரிம் வெடிப்பு, ஸ்பீக்கர் இரண்டு, பின் கண்ணாடி, பெயின்ட்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். வாக்குமூலத்தில் இல்லாத ஸ்பீக்கர் பிறகு எவ்வளவு சத்தமாகப் பாடினாலும் எடுபடாது. இப்போதும் தாமதமில்லை. மகன் திரும்பப் போய், விடுபட்டதைச் சொல்லி மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாம்.

கொழுந்து லொறி என் ஓட்டோவைச் சுரண்டிவிட்டது. தோட்டத்தில் கேட்டால் டிரைவரிடம் பேசு என்கிறார்கள். டிரைவர் கம்பனியிடம் பேசு என்கிறார்.
— காவத்தை வாசகர்

பந்து நீங்கள்தான் என்று தெரிகிறது. வேலை நேரத்தில், வேலைக்காக ஓட்டியவர் செய்த தவறுக்கு அவரை வேலைக்கு வைத்தவரும் பொறுப்பு. கொழுந்து ஏற்றப் போனபோதுதான் சுரண்டியது என்றால் கடிதத்தை இருவருக்கும் அனுப்புங்கள். கம்பனிக்கு, அதன் மனேஜர் வழியாக, பதிவுத் தபாலில். பெரட்டில் துரையிடம் வாயால் சொன்னதற்குத் தபால் கந்தோர் ரசீது தராது.

இடித்தவருக்கு 'தேர்ட் பார்ட்டி' மட்டும்தான் இருக்கிறது. போதுமா?
— நிவித்திகலை வாசகர்

மோட்டார் வாகனச் சட்டம் அந்தக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது முக்கியமாக உயிரையும் உடம்பையும் நினைத்து. சொத்துச் சேதத்துக்கு அவருடைய பொலிசியில் எவ்வளவு எல்லை போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதற்கு மேல் போனால் மிச்சம் அவருடைய பொக்கெட்டிலிருந்து. அவருடைய காப்புறுதி தீர்ந்தாலும் பொறுப்புத் தீராது.

எனக்கு முழுக் காப்புறுதி இருக்கிறது. ஆனால் சன்ரூஃப் வெட்டியதை அவர்களுக்குச் சொல்லவில்லை.
— பெயர் சொல்லாதவர், மாவனல்லை

பெயரைக்கூடச் சொல்லாதவர் சன்ரூஃபைச் சொல்லாததில் அதிசயமில்லை. காப்புறுதி முழு நம்பிக்கையில் நடக்கும் ஒப்பந்தம். சொல்லாத மாற்றத்துக்குப் பணம் கிடைக்காமல் போகலாம், பொலிசியே ஆட்டம் காணலாம். ஒன்று மட்டும் ஆறுதல்: இது உங்களுக்கும் உங்கள் கம்பனிக்கும் இடையிலான சண்டை. இடித்தவர் இதைக் காட்டித் தப்ப முடியாது. கம்பனி அநியாயம் செய்கிறது என்று பட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாம். அடுத்த முறை புதுப்பிக்கும்போது வெட்டிய கூரையைப் படத்தோடு எழுதிக் கொடுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடும், நித்திரை நிறையக் கூடும்.

ஓட்டோ லீசிங்கில் இருக்கிறது. நட்டஈடு யாருக்கு?
— கித்துல்கல வாசகர்

வண்டி மொத்தமாகப் போய்விட்டதென்றால் காப்புறுதிக் காசு முதலில் லீசிங் கம்பனியின் வாசலுக்குத்தான் போகும். புத்தகத்தில் முழு உரிமையாளர் அவர்கள். மிச்சம் உங்களுக்கு. நீங்கள் போட்ட ஸ்பீக்கரில் அவர்கள் பாட்டுக் கேட்பதில்லை என்றாலும்.

ஓட்டோ கராஜில் கிடந்த மூன்று வாரம் ஸ்கூல் ஹயரும் போய்விட்டது. அதைக் கேட்கலாமா? எவ்வளவு நாளைக்குள்?
— ஒரு தந்தை, எஹெலியகொட

கேட்கலாம். இழந்த உழைப்பும் பொக்கெட் ஓட்டைதான். பிள்ளைகளின் பெற்றோர் மாதக்காசு கொடுத்த கொப்பி இருந்தால் பத்திரப்படுத்துங்கள். ஆனால் கராஜ் பாஸ் ஊர்த் திருவிழாவுக்குப் போன ஒரு வாரத்தை இடித்தவர் கணக்கில் எழுத முயல வேண்டாம்.

நாள் கணக்கு கவனம்: காலவிதிப்புச் சட்டப்படி இப்படியான சேத வழக்குக்கு இரண்டு வருடம்தான். பொலிஸ் வழக்கில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டினார் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். தண்டம் அரசாங்கத்துக்குப் போகிறது, உங்கள் நட்டஈட்டை நீங்கள்தான் தனியாகக் கேட்க வேண்டும். சிறிய தொகை என்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகச் சொல்வார்கள். பயப்படாமல் போங்கள். அங்கே பாதிச் சண்டை தேநீர் ஆறுமுன் முடிந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வழக்குத்தான் என்றாகி, கையில் காசும் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

இவ்வளவையும் படித்த பிறகு ஓட்டோவைச் சோடிக்கவே பயமாக இருக்கிறது.
— அதே ஓட்டோ தம்பி, பலாங்கொடை

சோடியுங்கள் தம்பி. பில்லை மட்டும் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், அடுத்த வேன் வரும்போது அதுவும் சேர்ந்து நசுங்கும். வீட்டில், சாமிப் படத்துக்குப் பின்னால் வையுங்கள். அம்மா தினமும் அங்கே விளக்கேற்றுவார், தொலையாது.