தீவுத்திடலுக்கு 600 கிலோமீட்டர் தெற்கே

சங்கரன்கோவில் ரத வீதிப் பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும் அந்த அண்ணாச்சியைப் பார்க்கலாம். பெயர் தேவையில்லை, அவர் ஒரு ஆள் இல்லை, ஓர் இனம். வெள்ளை வேட்டி, கட்சிக்கரைத் துண்டு, சட்டைப்பையில் வெளியே தெரியும்படி தலைவர் படம், கக்கத்தில் மடித்த பேப்பர். கட்சி எதிர்க்கட்சியாக இருக்கும் ஐந்தாண்டுகளும் அவருக்கு விவரம் ஜாஸ்தி. "ஏம்வே, மூணரை கிலோமீட்டரச் சுத்திச்சுத்தி வாரதுக்கு நாப்பது கோடியா?" என்று ஆரம்பித்தால், பூ மார்க்கெட்டுக்குப் போகிற அவசரத்தில் டீயை ஊதிக்கொண்டிருப்பவரும் தலையாட்டிவிட்டுத்தான் நகர முடியும். ஃபார்முலா 4 காரை அவர் கண்ணால் கண்டதில்லை. அதில் ஒரே ஒருத்தர்தான் உட்காரலாம் என்று யாரோ சொன்னபோதுதான் அவருடைய எதிர்ப்பு உச்சத்துக்குப் போனது. நாலு பேர் போகாத வண்டிக்கு எதற்கு நாலு என்று பெயர் வைத்தான் என்பது அவர் வாதம்.

விவகாரம் ஊரறிந்ததுதான். சென்னை தீவுத்திடலைச் சுற்றி, கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று 3.5 கிலோமீட்டர், 19 வளைவு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து 2023 டிசம்பர் 9, 10 தேதிகளில் ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடத்துவதாக ஏற்பாடு. எடப்பாடி பழனிசாமி அறிக்கை விட்டார், பா.ஜ.க. எதிர்த்தது, உயர்நீதிமன்றத்தில் வழக்குகள் விழுந்தன. இத்தனை பேரும் சேர்ந்து நிறுத்த முடியாத பந்தயத்தை மிக்ஜாம் புயல் இரண்டே நாளில் நிறுத்தியது. அந்த டிசம்பரில் தமிழ்நாட்டின் வலுவான எதிர்க்கட்சி எது என்று யாராவது கேட்டால் அண்ணாச்சி பேச்சை மாற்றிவிடுவார். தள்ளிப்போன பந்தயம் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தது. முதல் நாள், சர்வதேச அமைப்பின் பாதுகாப்புச் சான்றிதழ் வந்துசேராமல் கார்கள் காத்துக்கிடக்க, நீதிமன்றம் கெடுவை இரவு வரை நீட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. டி.வி. முன்னால் அண்ணாச்சி பந்தயத்தை ரசித்த ஒரே கட்டம் அதுதான், காரே ஓடவில்லை.

இவரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அவரிடம் இருப்பது ஒரு நல்ல கேள்வி, நாலைந்து மோசமான காரணங்கள். மோசமான காரணங்களுக்குத்தான் கைதட்டல் விழும் என்பதால் நல்ல கேள்வியைக் கடைசியில் வைத்து, அதற்குள் டீ ஆறி, கூட்டம் கலைந்துவிடுகிறது. பந்தயப் பாதை ஓரத்தில் ஓமந்தூரார் மருத்துவமனை இருக்கிறது, சத்தம் நோயாளியை என்ன பாடுபடுத்தும் என்பார். கேட்கத் தகுந்த கவலைதான். ஆனால் தன் கட்சிப் பொதுக்கூட்டத்துக்குக் கூம்பு ஸ்பீக்கர் கட்டும்போது ஆஸ்பத்திரி எந்தத் திசையில் இருக்கிறது என்று அவர் பார்த்ததில்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு என்பார்; கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா 1 வரை போனபோது தமிழன் என்று மார்தட்டியதும் இவரேதான். இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் திடல் இருக்கிறதே, அங்கே நடத்தினால் என்ன என்பார். இது மட்டும் கனமான வாதம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அந்தத் திடலில் 1990 முதல் கார்கள் ஓடுகின்றன. தீவுத்திடலுக்கு முந்தைய வாரம் இதே தொடரின் முதல் சுற்று அங்கேதான் நடந்தது. ஊருக்கு நடுவே, விளக்கு வெளிச்சத்தில் ஓட்டினால்தானே சென்னையின் பெயர் உலகத்துக்குத் தெரியும் என்று ஆதரிப்பவர்கள் பதில் சொல்வார்கள். சரி. அப்படியானால் அது விளையாட்டுச் செலவு இல்லை, விளம்பரச் செலவு. அதை அந்தத் தலைப்பிலேயே எழுதி, விளம்பரத்தால் வந்தது என்ன என்று அடுத்த ஆண்டு சொல்லிவிட்டால் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

அந்த நல்ல கேள்வி இதுதான்: லாபம் வந்தால் யாருக்கு, நட்டம் வந்தால் யார் தலையில்? இதைக் கற்பனையாகக் கேட்க வேண்டியதில்லை, கண்முன்னே உதாரணங்கள் இருக்கின்றன. ஐதராபாத்தில் உசேன் சாகர் கரையில் 2023 பிப்ரவரியில் மின்சாரக் கார் பந்தயம் நடந்தது. அந்த டிசம்பரில் ஆட்சி மாறியது. அடுத்த ஆண்டுப் பந்தயம் ரத்தானது. வெளிநாட்டு அமைப்புக்குப் போன சுமார் 55 கோடி ரூபாய் பற்றி, முன்னாள் அமைச்சர் கே.டி.ராமாராவ் மீது லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் போட்டது. அவர் குற்றச்சாட்டை மறுக்கிறார். தீர்ப்பு நீதிமன்றத்தின் வேலை. கிரேட்டர் நொய்டாவில் தனியார் கட்டிய புத் சர்வதேசத் திடலில் 2011 முதல் 2013 வரை மூன்றே ஃபார்முலா 1 பந்தயங்கள் நடந்தன. முதல் பயிற்சியிலேயே தெருநாய் ஒன்று பாதையில் நுழைந்து ஓட்டத்தை நிறுத்திவைத்தது. இது விளையாட்டா, வரி கட்ட வேண்டிய கேளிக்கையா என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. இரண்டு இடத்திலும் விழா மேடையில் நின்றவர்கள் வேறு, பிறகு கணக்குப் பார்க்க உட்கார்ந்தவர்கள் வேறு.

உடனே ஒருவர் சிங்கப்பூரைப் பார்க்கச் சொல்வார். பார்ப்போம். 2008 முதல் அங்கே தெருவில் இரவுப் பந்தயம் நடக்கிறது, அரசு செலவில் 60 சதவீதத்தை ஏற்கிறது. ஆனால் பந்தய நாட்களில் அறை வாடகை ஏறிக் கொழிக்கிற ஓட்டல்களிடம் தனித் தீர்வை வசூலிக்கிறது. பலன் யாருக்கோ அவரிடமே ஒரு பங்கு திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. அப்படிப்பட்ட சிங்கப்பூரிலேயே, பந்தய அமைப்பாளர் தரப்பிடம் பரிசுப் பொருள்கள் வாங்கியதற்காக முன்னாள் அமைச்சர் ஈஸ்வரன் 2024 அக்டோபரில் சிறைக்குப் போனார். ஆக, சிங்கப்பூரைப் பார்ப்பதாக இருந்தால் முழுசாகப் பார்க்க வேண்டும்.

அரசு செலவழித்த 42 கோடியைத் தனியார் நிறுவனம் திருப்பித் தர வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உத்தரவிட்டது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துசெய்தது. தனியாரோடு சேர்ந்து விளையாட்டை வளர்ப்பது அரசின் கொள்கை முடிவு, நீதிமன்றம் அதற்குள் போகக் கூடாது என்பது சாரம். அண்ணாச்சி இதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் டீக்கடைக்கே வரவில்லை. உண்மையில் அது அவருக்கு வந்த நியமன உத்தரவு. நீதிபதி கேட்கமாட்டார் என்றால் சட்டமன்றத்தில் எதிர்வரிசைதான் கேட்க வேண்டும், தெருவில் அண்ணாச்சிதான் கேட்க வேண்டும்.

ஆனால் கேட்கிற வாய்க்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறதே. 2013-இல் ஆனந்தும் கார்ல்சனும் சென்னையில் உட்கார்ந்து சதுரங்கம் ஆட ஜெயலலிதா அரசு 29 கோடி கொடுத்தது. இரண்டு பேர் நகராமல் உட்கார்ந்திருக்க 29 கோடியா என்று அண்ணாச்சி அன்று கேட்கவில்லை. அம்மா தமிழ்நாட்டை உலகத்துக்குக் காட்டுகிறார் என்றார். எதிர் பெஞ்சில் இருக்கும் இன்னொரு அண்ணாச்சியும் லேசுப்பட்டவர் இல்லை. குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-இல் சட்டம் கொண்டுவந்தது அவர் தலைவர் கருணாநிதியின் அரசு. கார் பந்தயம் முடிந்த சில நாளில், கிண்டி ரேஸ் கிளப்புக்கு சீல் வைத்ததும் அவர் கட்சி ஆட்சிதான். காருக்குச் சாலை, குதிரைக்குப் பூட்டு. சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்று புராணத்தில் சங்கனும் பதுமனும் வாதாடிய ஊர் இது. கோமதி அம்மன் தவமிருந்து பாதி அரன், பாதி அரி என்று ஒரே உடம்பைக் காட்டவைத்தாள். நம் இரு பெஞ்சு அண்ணாச்சிகளும் அப்படித்தான், ஒரே உடம்பு. ஆட்சி மாறும்போது வலமும் இடமும் மட்டும் மாறிக்கொள்ளும். அப்படியானால் இவர் பேச்சை ஏன் கேட்க வேண்டும்? கட்சிக்காரன் கேட்டாலும் கணக்கு கணக்குதான். சும்மா இருக்கிற நல்லவரைவிட, பதவி இல்லாத எரிச்சலில் ஒப்பந்தத்தைப் புரட்டுகிறவரால்தான் ஊருக்குப் பிரயோஜனம் அதிகம்.

மாட்டுவண்டிப் பந்தயத்தைச் சொல்லி அவரை மடக்கப் பார்ப்பவர்களும் உண்டு. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று தென்மாவட்டச் சாலைகளில் வண்டி பறக்கும்போது போக்குவரத்து நிற்கத்தானே செய்கிறது, கொடியசைக்கக் கட்சிக்காரர்கள்தானே நிற்கிறார்கள்? நியாயமான குத்து. என்றாலும் வித்தியாசம் இருக்கிறது. அங்கே பரிசுப் பணம் யார் கொடுத்தது என்று நோட்டீசிலேயே பெயரோடு அச்சாகிவிடும். பணம் போதவில்லை என்றால் விழாக் கமிட்டிதான் வீடு வீடாக அலையும், கருவூலம் அலையாது. காலையில் அடைத்த சாலை மதியத்துக்குள் திறந்துவிடும். தீவுத்திடல் ஒப்பந்தமும் அந்த நோட்டீஸ் அளவுக்காவது வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தால் எதிர் பெஞ்சு வாயடைத்துப் போயிருக்கும். அவர் சொன்னது, மாடு நம்ம பண்பாடு, கார் வெள்ளைக்காரன் பண்பாடு. சொல்லிவிட்டு வீட்டுக்குக் காரில் போனார்.

கடைசியாக ஒரு ஆட்சேபம்: 42 கோடி என்பது அரசுக்குச் சுண்டைக்காய், 600 கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு இதில் என்ன வலி? 2011 மக்கள்தொகை 7.21 கோடி, வகுத்துப் பார்த்தால் தலைக்கு ஆறு ரூபாய்கூட இல்லை. அதற்கு அண்ணாச்சி, "ஆறு ரூவான்னாலும் ரசீது கொடுக்கணும்லா" என்கிறார். இதைவிடச் சரியான பதில் இந்த விவகாரத்தில் வேறு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. ரசீது கேட்க வழியும் இருக்கிறது: வெள்ளைத்தாளில் தகவல் உரிமைச் சட்ட மனு எழுதி, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பினால் போதும். அண்ணாச்சி கணக்குப் போட்டுப் பார்த்தார். ஆறு ரூபாயைக் கேட்கப் பத்து ரூபாய், தபால் செலவு தனி. கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்.