சும்மா வந்த தகடு

எங்கள் வீட்டு முன்கதவுப் பூட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது. ஹெவ்லொக் டவுன் தொடர்மாடிக்குக் குடிவந்த வருடம் வாங்கியது. பெட்டியில் இத்தாலி என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு முதலில் தேத்தண்ணி, பிறகு பூட்டு. இரண்டு தரமாவது பூட்டித் திறந்து காட்டாமல் யாரையும் அனுப்பியதில்லை.

அப்படிக் காட்டி முடித்த ஒரு பின்னேரம், வந்தவரை வழியனுப்ப நானும் மனைவியும் லிஃப்ட் வரைக்கும் போனோம். வெள்ளவத்தைப் பக்கமிருந்து வந்த கடற்காற்று கதவை அறைந்து சாத்தியது. தானாகப் பூட்டிக்கொள்ளும் ரகம் அது.

“இஞ்சருங்கோ, திறப்பு உங்களிட்டத்தானே?”

திறப்பு உள்ளே மேசையில் இருந்தது. அடுப்பில் பருப்பு இருந்தது.

சத்தம் கேட்டு மேல்மாடிப் பையன் இறங்கி வந்தான். இசிப்பத்தன கல்லூரியில் றகர் விளையாடுகிறவன். “அங்கிள், தள்ளிப் பாக்கட்டா?” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. தம்பி, இது இத்தாலிப் பூட்டு, உம்மட தோள்தான் முறியும் என்று சொல்லி வாய் மூடவில்லை, கதவு திறந்துவிட்டது. பையன் ஓடிவந்துகூட இடிக்கவில்லை. நின்ற இடத்தில் நின்று ஒரு சாய்வு, அவ்வளவுதான். பருப்பு தப்பியது. நான் தப்பவில்லை. நாங்கள் வழியனுப்ப வந்த மனிதர் இன்னும் லிஃப்டடியில்தான் நின்றார்.

குனிந்து பார்த்தேன். பூட்டுக்கு ஒரு கீறல் இல்லை. நாக்கை நீட்டியபடி கதவில் கம்பீரமாக இருந்தது. தரையில் கிடந்தது, அந்த நாக்கு போய் நுழைவதற்காக நிலையில் அடித்திருக்கும் சின்னத் தகடு. டின்மீன் மூடியின் கனம். அதைப் பிடித்திருந்தவை இரண்டே இரண்டு ஸ்க்ரூ. ஒன்றை எடுத்துப் பெருவிரல் நகத்தோடு வைத்துப் பார்த்தேன், நகம்தான் நீளம். புரியில் கொஞ்சம் மரத்தூள் ஒட்டியிருந்தது. இத்தனை வருடமும் எங்கள் மானத்தைக் காத்தது அந்தத் தூள்.

விசயத்தைக் கேட்ட மாமா தன் வீட்டுச் சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பாமலே தீர்ப்புச் சொன்னார். 1983 ஜூலைக் கலவரத்தின்போது அவர்கள் வெள்ளவத்தையில் இருந்தவர்கள். “எங்கட கதவுக்கு நாலு கொண்டி. நாலையும் போட்டுட்டு, பின்மதிலால ஏறிப் பக்கத்துச் சிங்கள வீட்டை போயிட்டம். திரும்பி வந்து பாக்க, நாலு கொண்டியும் கதவில அப்பிடியே கிடந்தது. நிலைதான் பிளந்து போச்சு.” இந்தக் கதையை நான் நாற்பது தரம் கேட்டிருப்பேன். நிலையைப் பற்றிய கதை அது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

கனடா மச்சானைத் தொலைபேசியில் பிடித்தேன். “மூண்டு அங்குல ஸ்க்ரூ போடுங்கோ” என்றான். அவன் சொன்னது அங்கத்தைய வீட்டுக்குச் சரி. அங்கே சுவரே மரச்சட்டம். நிலைப்பலகை மெல்லியது. நீளமான ஸ்க்ரூ பலகையைத் தாண்டிச் சுவருக்குள் இருக்கும் சட்டத்தைக் கவ்வும். நமக்கோ செங்கல்லும் சீமெந்தும். நிலையைச் சுவரோடு பிடித்திருப்பது சீமெந்துக்குள் புதைத்த இரும்புத் துண்டுகள். எங்கள் பலாமர நிலை மூன்று அங்குலத் தடிப்பு, மூன்று அங்குல ஸ்க்ரூ போட்டால் நுனி சீமெந்தில் முட்டி நிற்கும். இரண்டரை போதும். நிலையைக் கறையான் தின்றிருந்தால் ஆறு அங்குலமும் வீண்.

120ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குள் நுழைந்தேன். அங்கேதான் பெரிய சங்கடம்: கேட்கப்போகும் சாமானுக்குப் பெயர் தெரியாது. ஆமைப்பூட்டு என்றால் எவருக்கும் தெரியும். சிங்களத்திலும் அது ‘இப்பா’, அதாவது ஆமை. இந்த நாட்டில் இரண்டு இனமும் வட்டமேசை போடாமலே உடன்பட்ட விசயம் அந்த ஆமை ஒன்றுதான். ஆனால் இந்தத் தகட்டுக்கு நான் அறிய இரு பக்கமும் பெயர் வைக்கவில்லை. நாக்கு, ஓட்டை, நிலை என்று கையால் அபிநயம் பிடித்தேன். கடைக்கார நானா பொறுமையாகப் பார்த்தார்.

“அது பூட்டு வாங்கினா சும்மா வாறதுதானே சேர்?”

அதுதான் நோய். பூட்டுக்குப் பேரம் பேசுகிறோம், திறப்பை எண்ணி வாங்குகிறோம், உதை முழுவதையும் வாங்கப்போகிற உறுப்பு மட்டும் கறிவேப்பிலை மாதிரி இலவசமாக வருகிறது.

கடைசியில் பாமன்கடைப் பக்கம் ஒரு வெல்டிங் கடையில் சொல்லிச் செய்வித்தேன். ஒன்றரை அங்குல அகலம், ஒன்பது அங்குல நீளம், மூன்று மில்லிமீட்டர் கனமான பட்டை இரும்பு. ஆறு துளை. எல்லாவற்றையும் ஒரே கோட்டில் போட்டால் மரம் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும் என்று ஒன்றுவிட்டு ஒன்று தள்ளிப் போடச் சொன்னேன். பொன்னிறப் பூச்சு வேண்டுமா என்று கேட்டார்கள். நான் திருந்திய மனிதன், வேண்டாம் என்றேன்.

பூட்ட வந்த பாஸ் முதலில் கையில் எடுத்தது சுத்தியல். ஸ்க்ரூவை ஆணி மாதிரி அறைந்து இறக்கிவிட்டு, மரியாதைக்குக் கடைசியில் ஒரு திருப்பு திருப்புவது நம்மூர் வழக்கம். அப்படி அறைந்தால் புரி மரத்தைக் கவ்வாது, கிழித்துக்கொண்டு இறங்கும். பழைய ஸ்க்ரூவின் மரத்தூள் வந்த வழி அதுவாகத்தான் இருக்க வேண்டும். கையைப் பிடித்துத் தடுத்தேன். முறைத்துவிட்டு, ஊசித் துளை போட்டு, ஸ்க்ரூவைச் சன்லைட் கட்டியில் உரசி, ஆறையும் கையாலேயே முறுக்கி ஏற்றினார். கடைசி இரண்டுக்கும் அவர் முகம் சிவந்து போனது. எனக்கு அது பரம திருப்தி. அதே சூட்டில் பிணைச்சல் பக்கமும் நீள ஸ்க்ரூ மாற்றச் சொன்னேன். அதற்குத் தனிக் கூலி வாங்கினார்.

இப்போது வருகிறவர்களுக்கு நான் பூட்டைக் காட்டுவதில்லை, தகட்டைக் காட்டுகிறேன். ஒருவரும் இரண்டாம் தரம் பார்ப்பதில்லை.

நீங்களும் இன்றிரவு உங்கள் கதவு நிலையில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி நகத்தோடு வைத்துப் பாருங்கள். அந்த நேரம் திறப்பு சட்டைப் பையில் இருக்கட்டும்.