எண்பத்தேழில் ஒரு பங்கு

நிஜ ரயிலை 87 மடங்கு சுருக்கினால் கிடைப்பதற்கு ஹெச்ஓ அளவு என்று பெயர். எஞ்சின் ஒரு சாணுக்கு வந்துவிடும். டிரைவர் இரண்டு சென்டிமீட்டர் ஆசாமி ஆகிவிடுவார். தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மில்லிமீட்டர்தான். எல்லாம் ஒழுங்காகச் சுருங்கும், விலையைத் தவிர. நல்ல எஞ்சின் ஒன்று 300, 400 யூரோ. அதை ரூபாயாக மாற்றிப் பார்ப்பது உடம்புக்கு ஆகாது. நான் பார்க்கவில்லை. என் மனைவி பார்த்தாள்.

“பத்து ரூபாய்க்குப் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கினா சென்ட்ரல்ல முழு சைஸ்லயே பாக்கலாமேங்க” என்றாள்.

இதற்குப் பதில் கிடையாது. மாடல் ரயில்காரர்கள் பதில் இல்லாத கேள்விகளோடு வாழப் பழகியவர்கள்.

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து உல்ம் போகிற பாதையில் கோப்பிங்கன் என்று ஓர் ஊர். மாடல் ரயில் செய்கிற மெர்க்ளின் கம்பெனி பிறந்த ஊர். 1859இல் ஒரு தகரவேலைக்காரர் அங்கே ஆரம்பித்தது ரயில் வியாபாரம் இல்லை, சொப்புச் சாமான் வியாபாரம். பொம்மை வீட்டுக்கு வேண்டிய அடுப்பு, பாத்திரம், இத்தியாதி. பொம்மை வீட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. வீட்டை ஒரு தடவை வாங்கினால் போதும். பிறகு பண்டிகைக்குப் பண்டிகை சாமான் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தச் சூட்சுமத்தை அடுத்த தலைமுறை ரயிலில் ஏற்றியது. 1891இல் லைப்சிக் சந்தைக்கு அவர்கள் கொண்டுவந்த சாவி ரயில் எட்டு வடிவத்தில் ஓடியது. கூடவே, மேலே மேலே வாங்கிச் சேர்க்கக்கூடிய தண்டவாளமும் வந்தது. உலகெங்கும் எத்தனையோ குடும்பஸ்தர்களின் சேமிப்பு அந்தச் சந்தையில்தான் தடம் புரண்டது.

இந்தச் சரித்திரத்தை ஜெர்மனியில் ரயிலில் போகும்போதே மனைவிக்குச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “சொப்போடயே நிறுத்தியிருக்கலாம்” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடை திறக்காது. ஆகவே சனிக்கிழமையே ஸ்டுட்கார்ட்டில் ஒரு சந்துக்குள் இருந்த கடைக்குப் போனோம். உள்ளே ஐந்தாறு பேர். ஐம்பது வயதுக்குக் கீழே ஒருவரும் இல்லை. இங்கே சென்னையில் நான் ஒரு ரயில் பெட்டியைக் கையில் எடுத்தால் போதும், “பேரனுக்கா சார்?” என்று விற்பவர் கேட்பார். ஸ்டுட்கார்ட்டில் யாரும் அப்படிக் கேட்கவில்லை. பேரனைக் கூட்டி வந்திருந்தால்தான் வித்தியாசமாகப் பார்த்திருப்பார்கள்.

வெள்ளைத் தாடிக் கடைக்காரர் வணக்கம் சொன்ன கையோடு கேட்ட முதல் கேள்வி, “இரண்டா, மூன்றா?”

வைஷ்ணவத்தில் வடகலை, தென்கலை மாதிரி மாடல் ரயிலிலும் இரண்டு கலை உண்டு. மெர்க்ளின்காரர்களுக்குத் தண்டவாளத்தின் நடுவே சின்னச் சின்ன உலோகக் குமிழ்கள் வரிசையாக இருக்கும். எஞ்சினின் வயிற்றுக்கு அடியில் ஒரு தகடு அவற்றை உரசிக்கொண்டே மின்சாரம் எடுக்கும். இவர்கள் மூன்று. மற்றவர்களுக்கு இரண்டு கம்பியே போதும், ஒன்றில் பிளஸ், மற்றதில் மைனஸ். மூன்றாங்கலை எஞ்சினின் சக்கரங்களுக்குள் மின்தொடர்பு இருப்பதால், அதை அப்படியே இரண்டாங்கலைத் தண்டவாளத்தில் வைத்தால் ஷார்ட் சர்க்யூட். இரண்டாங்கலை எஞ்சினை மூன்றில் வைத்தால் விக்கிரகம்போல் நிற்கும். கோர்ட்டுக்குப் போகவில்லையே தவிர, சண்டை பல தலைமுறைகளாக நடக்கிறது.

வில்லிவாக்கத்தில் என் கட்டிலுக்கு அடியில் இருப்பது இரண்டு கம்பி. சொன்னேன். தாடிக்காரர் ஒன்றும் பேசவில்லை. கடையின் பின்பக்கத்தை மட்டும் காட்டினார். ஒளிவிளக்கு போட்ட முன் அலமாரிகளைத் தாண்டி, கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் இரண்டு தட்டுகள். அங்கேதான் எங்கள் சம்பிரதாயம்.

அங்கேதான் அதைப் பார்த்தேன். சுவிஸ் ரயில்வேயின் ஆர்இ 460. சிவப்பு நிறம், சாய்ந்த முகம். ஊரில் தெரிந்த குடும்பத்தின் ஜாடை. யோசித்தபோது பிடிபட்டது. சதாப்தி இழுக்கிற நம் டபிள்யூஏபி-5 இதன் வழியில் வந்ததுதான். 1995இல் ஏபிபி கம்பெனியிடமிருந்து முதல் எஞ்சின்கள் வந்து, பிறகு சித்தரஞ்சனில் செய்ய ஆரம்பித்தார்கள். அது மட்டுமா? எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற பெரம்பூர் ஐசிஎஃப் 1955இல் பெட்டி கட்ட ஆரம்பித்தது, ஜூரிக் பக்கத்து ஷ்லீரன் கம்பெனியின் தொழில்நுட்பத்தில். ஊட்டி மலை ரயிலின் பழைய நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தில் விண்டர்தூரில் பிறந்தவை. ஆக, நான் வெளிநாட்டுப் பொம்மை வாங்கவில்லை, உறவுக்காரரை வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். இந்த வாதம் என் மனதுக்குள் மிகவும் பலமாக இருந்தது. வெளியே வந்ததும் கொஞ்சம் இளைத்துவிட்டது.

“நம்ம ஊர் ரயிலே இல்லையா?” என்று கேட்டாள் மனைவி. நியாயமான கேள்வி. ஆனால் நம் ஊர் ரயில் ஹெச்ஓவுக்குள் அடங்காத பிறவி. முதலில், நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87 மடங்கு சுருக்கினாலும் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். கடைத் தண்டவாளத்தில் நம் வண்டி காலைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அடுத்து நீளம். ஐசிஎஃப் பெட்டி ஒன்று சுருங்கி கால் மீட்டர் ஆகும். 22 பெட்டி போட்டால் ஐந்தரை மீட்டர். எங்கள் ஹால் 14 அடி. நெல்லை எக்ஸ்பிரஸ் புறப்படும்போது எஞ்சின் பூஜை அறையில் இருக்கும், கடைசிப் பெட்டி பால்கனியை விட்டு வெளியே தொங்கும்.

மூன்றாவது, ஜனங்கள். பிரைசர் என்ற ஜெர்மன் கம்பெனி இந்த அளவுக்கு மனிதர்கள் செய்கிறது. கையில் பெட்டி, தலையில் தொப்பி, முகத்தில் மூக்கு வரைக்கும் இருக்கும். ‘காத்திருக்கும் பயணிகள்’ பாக்கெட்டில் ஆறு பேர். மனைவி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏன் எல்லாரும் தள்ளித் தள்ளி நிக்கறாங்க? யாராவது செத்துட்டாங்களா?” என்றாள். ஆறு பேரை வைத்துக்கொண்டு சாயங்காலம் ஆறு மணித் தாம்பரத்தை எப்படி அமைப்பது? ஒரு பிளாட்பாரத்தை நிரப்புவதற்குள் வீட்டை விற்க வேண்டியிருக்கும். அப்புறம் ரயில் எங்கே ஓடும்?

(ஜப்பானுக்குப் போயிருந்தால் இத்தனை பாடு இல்லை. அங்கே வீடுகள் சின்னவை, ஆகவே ரயிலும் சின்னது, 9 மில்லிமீட்டர் பாதை. தண்டவாளம் டக்கென்று மாட்டி டக்கென்று கழற்றுகிற மாதிரி இருக்கும். சாயங்காலம் பாய் மீது விரித்து ஓட்டிவிட்டுப் படுக்கும் நேரத்தில் சுருட்டிவிடலாம். இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், கட்டோ கம்பெனி தன் ரயில்களைத் தடித்த புத்தகம் மாதிரியான பெட்டியில் வைத்து விற்கிறது. பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்துக்குப் பக்கத்தில் ஆறாவதாக ஒரு ஷிங்கான்சென்னைச் செருகிவிட்டால் எங்கள் வீட்டில் பத்து வருஷத்துக்கு யாருக்கும் தெரியாது.)

கடைசியில் காரியத்தைச் சாதித்துக் கொடுத்தது உறவுமுறை இல்லை, வரிச் சலுகை. ஐரோப்பாவுக்கு வெளியே வசிக்கிறவர்கள் பொருளை ஊருக்கு எடுத்துப் போனால் ஜெர்மனியின் 19 சதவீத வரியில் பெரும்பகுதியைத் திரும்பக் கொடுக்கிறார்கள். இதைச் சொன்னதும் மனைவியின் முகத்தில் முதல் தடவையாக ஒரு கனிவு. வாங்கினால் செலவு என்கிற நிலை போய், வாங்காவிட்டால் நஷ்டம் என்கிற நிலை வந்துவிட்டது. பில் போட்டார் தாடிக்காரர்.

விமான நிலையத்தில் பொருளைக் காட்டி, சுங்க அதிகாரியிடம் படிவத்தில் முத்திரை வாங்க வேண்டும். எங்களுக்கு முன்னால் நின்றவர் கைப்பையைக் காட்டினார். அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குத்தி அனுப்பினார். என் பெட்டியைத் திறந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். எஞ்சினைத் திருப்பி அதன் வயிற்றைப் பார்த்தார். தகடு இல்லை.

“இரண்டா?” என்றார்.

“இரண்டு” என்றேன்.

என்னைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், முத்திரையைக் குத்தினார். கொஞ்சம் பலமாகத்தான்.